பொன்னிலத்தில் கிடைத்த அறம்



பௌர்ணமி நன்னாளில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமர்ந்திருக்கும் இவ்வேளையில், கடலுக்கு வெகு தொலைவில் கன்னட உள்நாட்டில் அமைந்த இரண்டு இடங்களைச் சிந்திப்போமாக. ஒன்று மஸ்கி, மற்றொன்று நம்மவர் வியர்வை சிந்திய கோலார் தங்கவயல். இரண்டும் பொன் தோண்டிய நாட்டிலுள்ளவை. இரண்டிலும் பொன்னினும் பெரியதொரு பொருள் கிடைத்தது.

மஸ்கி என்பது இராய்ச்சூர் மாவட்டத்து ஊர். 1915ஆம் ஆண்டில் பீடன் என்னும் தங்கச் சுரங்கப் பொறியாளர் அங்கே ஒரு பாறையில் பழைய பிராமி எழுத்துக்களைக் கண்டார். அது மாமன்னர் அசோகரின் சாசனம். அதற்கு முன் அறியப்பட்ட சாசனங்களில் 'தேவானாம்பிய பியதசி' என்ற பட்டப்பெயரே இருந்தது. 'அசோகன்' என்னும் இயற்பெயர் முதன்முதல் வெளிப்பட்டது இப்பாறையில்தான்.

அப்பாறை உரைப்பது யாது? தம்மத்தில் முயல்வோன் சிறியோனாயினும் உயர்ந்த பேற்றை அடையலாம். பெரியோர்க்கு மட்டுமே அது உரியதென்று எண்ணற்க என்பதே அதன் கருத்து. பேரரசன் தன் குடிகளுக்குச் சொன்ன சொல் இது! பிறப்பினால் தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்ட நமக்கு இதனினும் உறுதியான சான்று வேறென்ன வேண்டும்?

இன்னுமொன்று காண்க. பிரமகிரிப் பாறையில் 'உபாசகன்' என்று நிற்கும் இடத்தில், மஸ்கிப் பாறையில் 'புத்த சாக்கியன்' என்று அறிஞர் படித்துள்ளனர். பண்டித அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் நிறுவிய சங்கத்தின் பெயர் சாக்கிய பௌத்த சங்கம். அவர் மறைந்தது 1914இல். பாறை கண்டெடுக்கப்பட்டது அடுத்த ஆண்டில். அவர் காணாத கல், அவர் சூட்டிய பெயருக்கு அருகே நிற்கின்றது.

இனிக் கோலாரை நோக்குவோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து நம் முன்னோர் பஞ்சத்திற்கும் பண்ணையடிமைக்கும் தப்பி அங்கே சென்றனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து எந்திரங்களை இயக்கியது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடித்து மாண்டோர் பலர். கல்தூசியால் நுரையீரல் கெட்டு மடிந்தோர் பலர். அத்துயரின் நடுவே அவர்கள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கம் கண்டனர். அச்சகம் வைத்துத் தமிழில் தம்ம நூல்கள் பதிப்பித்தனர். 1926இல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக அமைய, 'தமிழன்' இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. அவர்கள் எடுத்த பொன் பிறர்க்குப் போயிற்று. அவர்கள் கற்ற அறமோ நமக்கு எஞ்சியது.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். ''நம் ஊர் செத்த ஊர்'' என்று அவர்கள் சலித்துரைக்கக் கேட்கின்றோம். அவ்வருத்தத்தை நாம் பழிக்கலாகாது. பிழைப்பு அழிந்த வீட்டில் அநித்தியத்தைப் போதித்துவிட்டு எழுந்து போவது கருணையன்று. வேலையற்றவனுக்கு வழிகாட்டுவதும், படிக்கும் பிள்ளைக்குக் கைகொடுப்பதும் நம் சங்கத்தின் கடமைகளாகும்.

ஆயினும் ஒன்று சொல்வோம். தங்கம் தீர்ந்தால் சுரங்கம் மூடப்படும். சீலம் கைக்கொள்வோர் உள்ளவரை சங்கம் மூடப்படாது. அசோகன் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதால் மட்டும் பயனில்லை. முயல்க என்பதே அப்பாறையின் கட்டளை. மது அருந்தும் கையால் அச்சாசனத்தைத் தொட்டு வணங்குவதால் என்ன பேறு? அண்டை வீட்டானைத் தாழ்த்திப் பேசும் நாவினால் 'புத்தம் சரணம்' என்பதால் என்ன பேறு?

ஆகையால் அன்பர்களே, நம் இல்லங்களில் மக்கிக் கிடக்கும் பழைய நூல்களையும் இதழ்களையும் காப்போம். பழைய விகாரைகளைத் துப்புரவு செய்து விளக்கேற்றுவோம். பிள்ளைகளை ஒருமுறையேனும் மஸ்கிக்கு அழைத்துச் சென்று, ''சிறியோனும் அடையலாம் என்று எழுதிய கல் இதுவே'' என்று காட்டுவோம். பின்னர் அவ்வாறே நடந்தும் காட்டுவோம்.

சர்வ ஜீவர்களும் நலம் பெறுக! சாது! சாது! சாது!