வந்தவர் ஏழு பேர்

சுவரில் ஒட்டிய காகிதங்களைப் படிப்பது சிறு வயதிலிருந்தே எனக்குள்ள பழக்கம். அவற்றிலும் 'வருகிறது' என்ற சொல்லைக் கண்டுவிட்டால் கால் தானாகவே நின்றுவிடும். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தட்டி கட்டிய மாட்டு வண்டி ஒன்று தெருவுக்குள் நுழையும். முன்னால் மேளம் ஒலிக்கும். வண்டிக்குள்ளிருந்து பச்சையும் சிவப்புமாகத் துண்டுக் காகிதங்கள் பறக்கும். பிள்ளைகள் புழுதியில் விழுந்து பொறுக்குவார்கள். படம் பார்க்கக் காசு கிடைக்காத பிள்ளைக்கும் அந்தக் காகிதம் சொந்தம்.

'வருகிறது' என்பது செய்தியா, வாக்கா? மழை வருகிறது என்கிறோம். வராவிட்டால் சொன்னவனை யாரும் குற்றம் சொல்வதில்லை. அது செய்தி. மாலை ஆறு மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று நண்பனிடம் சொல்கிறோம். அது வாக்கு. சுவரில் ஒட்டிய சினிமா அறிவிப்பு இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது வண்ணார்பேட்டையில் கழிந்த ஒரு மழை நாள்.

1990களில் ஓர் ஐப்பசி மாதம். உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தேநீர்க் கடைச் சுவரில் கையால் எழுதிய காகிதம் ஒன்று பாதி நனைந்து தொங்கியது. 'ஞாயிறு மாலை 6 மணி. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி. படத்துக்குப் பின் கலந்துரையாடல். அனைவரும் வருக.' நடத்தியவர்கள் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்த ஒரு சிறு குழுவினர்.

இத்தகைய சங்கங்களுக்கு உலகில் ஒரு மரபு உண்டு. லண்டனில் 1925-இல் ஒன்று தோன்றியது. கல்கத்தாவில் 1947-இல் ராயும் அவருடைய நண்பர்களும் ஒன்றைத் தொடங்கினார்கள். 1959-இல் இந்தியத் திரைப்படச் சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. நெல்லையிலேயே ஆர்.ஆர்.சீனிவாசனின் 'காஞ்சனை' அமைப்பு இப்படி உலகப் படங்களைத் திரையிட்டு வந்தது. தியேட்டர்கள் காட்டாத படங்களை நாமே காட்டுவோம் என்பதுதான் இவர்கள் எல்லோருடைய எண்ணமும். அந்நாளில் அதற்குப் பெரும் பாடு பட வேண்டும். பதினாறு மில்லிமீட்டர் சுருள்கள் தகரப் பெட்டியில் ரயிலேறி வரும். வாடகைக்குப் புரொஜெக்டர் பிடிக்க வேண்டும். படம் முடிந்ததும் பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். இங்கே ஒரு நாள் தாமதித்தால் அடுத்த ஊர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதம் பொய்யாகிவிடும்.

அன்று மாலை மழை வலுத்தது. மண்டபத்தில் நூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், தையற்கடைக்காரர் ஒருவர், அவருடைய மகள், நான். மண்டபத்துக் காவற்காரரையும் சேர்த்தால் ஏழு பேர். அவர் படத்துக்கு வந்தாரா, மழைக்கு ஒதுங்கினாரா என்பது அவருக்கே தெரியாது.

மாணவர்களில் ஒருவர் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, ஏழு பேருதான் இருக்காவ. இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடலாமா?"

திரையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்த இளைஞர் திரும்பிப் பார்த்தார். "ஆறு மணிக்குப் போடுதோம்னு எழுதி ஒட்டியாச்சுல்லா தம்பி? மழையில நனைஞ்சு வந்தவங்கள எப்படிப் போகச் சொல்ல?"

ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வங்காளி பேசும் படம். கதையை அவர் முன்கூட்டியே தமிழில் சொல்லியிருந்தார். அதன் பிறகு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. சுருள் மாற்றுவதற்காக நடுநடுவே விளக்கைப் போடுவார்கள். அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டோம். புயலடிக்கும் இரவில் துர்கா என்ற சிறுமி காய்ச்சலில் கிடக்கிறாள். திரையிலும் மழை, கூரையிலும் மழை. தையற்கடைக்காரர் தம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டதை அந்த இருட்டிலும் நான் கண்டேன்.

படம் முடிந்தது. அறிவித்தபடி கலந்துரையாடல். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தையற்கடைக்காரர்தான் பேசினார்.

"ஒரு சந்தேகம். அடுத்த வீட்டு மாலைய எடுக்கலன்னு அந்தப் புள்ள கடைசிவரைக்கும் சாதிச்சா. அவ செத்தப்பறம் தம்பிக்காரன் அதக் கண்டெடுத்து, ஒருத்தருக்கும் சொல்லாம குளத்துல வீசிட்டான். அது சரியா?"

பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்றார் ஆசிரியர். காவற்காரர் வாசற்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "செத்துப்போன புள்ளைக்குக் கெட்ட பேரு வரணுமா சார்?" ஆசிரியர் விடவில்லை. அரை மணி நேரம் வாதம் நடந்தது. அந்தப் பெண் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "அக்கா சொன்ன சொல்ல அவன் காப்பாத்திட்டான்."

வாசக நண்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏழு பேருக்காக இவ்வளவு பாடு பட்டது நியாயமா? தியேட்டர்க்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஏழு பேர் வந்தால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்சியை ரத்து செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரத்துக்கும் ஆட்களுக்கும் அவர் கூலி கொடுத்தாக வேண்டும்.

ஆனால் வாக்கு என்பது எத்தனை பேருக்குக் கொடுக்கப்படுகிறது? ஊருக்குக் கொடுத்த வாக்கு என்கிறோம். ஊர் என்று ஒருவர் எங்கேயும் நின்று அதைப் படிப்பதில்லை. தேநீர் குடித்துக்கொண்டே தனித்தனி மனிதர்கள்தாம் படிக்கிறார்கள். ஆகவே அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கொடுத்த வாக்கு. வராத தொண்ணூற்று மூன்று பேர் அந்த இளைஞரைத் தம் வாக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள். வந்த ஏழு பேர் விடுவிக்கவில்லை. வராதவர்களைக் காரணம் காட்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது, ஒருவன் மன்னித்த கடனைக் காட்டி இன்னொருவனுக்குப் பட்ட கடனை மறுப்பது போன்றது.

நெல்லையப்பர் கோயிலில் ஆனித் தேரோட்டம் நடக்கிறது. அந்தத் தேருக்குக் கூட்டம் வேண்டும். ஆயிரம் கைகள் வடம் பிடிக்காவிட்டால் அது நிலையை விட்டு நகராது. அதே கோயிலில் அர்த்தசாமப் பூசையும் நடக்கிறது. வந்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டா அங்கே மணியடிக்கிறார்கள்? சினிமாவிலும் இரண்டும் உண்டு. இன்று நெல்லையிலும் பெரிய நடிகரின் முன்னோட்டத் துண்டுக்கே பட்டாசு வெடித்து, கூட்டம் அலை மோதுகிறது. அது தேரோட்டம், அதில் இளமையின் களிப்பு இருக்கிறது, நான் பழிக்க மாட்டேன். மழை இரவில் ஏழு பேருக்கு ஓடிய படம் அர்த்தசாமம்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. ஏழு பேராக இருப்பதிலேயே பெருமைப்படும் நோய் ஒன்று இருக்கிறது. 'கூட்டத்துக்கு என்ன தெரியும், நாம்தான் ரசிகர்கள்' என்று சிறு சங்கங்களில் சிலர் மார்தட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அன்று மிக நல்ல கேள்வியைக் கேட்டவர் தையற்கடைக்காரர். அதற்கு வாசற்படியிலிருந்து பதில் சொன்னவர் மழைக்கு ஒதுங்கிய காவற்காரர். யாருக்கு எது சேரும் என்று காகிதம் ஒட்டுகிறவனுக்குத் தெரியாது. அதனால்தான் 'அனைவரும் வருக' என்று எழுத வேண்டியிருக்கிறது.

வராமற்போன படங்களும் உண்டு. வண்ணார்பேட்டையில் வாழ்ந்த புதுமைப்பித்தன் சினிமாவுக்குப் போனார். பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி 'வசந்தவல்லி' என்ற படத்தை எடுக்க முனைந்தார். கைகூடவில்லை. பிறகு தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு எழுதப் பூனா சென்றவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30-ஆம் நாள் காலமானார். 'ராஜமுக்தி' அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தது, 'வசந்தவல்லி' வரவேயில்லை. அதை வாக்குத் தவறியது என்று சொல்வதற்கு எந்த நாக்கும் கூசும். இயலாமற்போவது வேறு, மனமில்லாமற்போவது வேறு. பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய ஊரில் தோன்றிய திரைப்பட அமைப்பு அவருடைய கதையின் பெயரைத் தாங்கி நின்றதை நினைக்கும்போது மனம் சற்று ஆறுதல் கொள்கிறது.

இன்று தகரப் பெட்டி இல்லை. உள்ளங்கையிலுள்ள போனில் உலகப் படங்கள் வந்து இறங்குகின்றன. அறிவிப்பும் அதிலேயே வருகிறது. 'அவசியம் வருகிறேன்' என்று நூறு பேர் விரலால் தட்டுகிறார்கள். அன்றைய மழையில் ஒரு காகிதத்தை நம்பிப் புறப்பட்ட ஏழு பேர் அப்படி யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. வந்து நின்றார்கள்.

கலந்துரையாடல் முடிந்தபோது மழை விட்டிருந்தது. இளைஞர் தகரப் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டினார். ஜங்ஷனில் அதை ரயிலேற்ற வேண்டும். நானும் கூட நடந்தேன். சுலோசன முதலியார் பாலத்தின் கீழே தாமிரவருணி புது வெள்ளத்தின் செம்மண் நிறத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பாலத்தில் அவர் சட்டைப் பையைத் தடவி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதி வைத்திருந்த காகிதம் நனையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

எத்தனை பேர் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. என்ன படம் என்று கேட்டேன்.