ஊர்தோறும் ஒரு திருக்குணம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திவ்யதேச யாத்திரை சென்று வந்த பாகவதர்கள் பேசக் கேட்டால் ஒன்று புலப்படும். ஒரே வாரத்தில் ஸேவித்த ஊர்களாயினும், கோயிலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு குரலும் திருமலையைப் பற்றிச் சொல்லும்போது வேறொரு குரலும் அவர்களுக்கு வந்துவிடும். எங்கும் எழுந்தருளியிருப்பவன் ஒருவனே. அவ்வாறிருக்க, ஊருக்கு ஊர் இயல்பு வேறுபடுவது எதனால்?

மண்ணும் நீரும் காரணம் என்பர் உலகத்தார். ஆற்றிடைத் தீவும் குளிர்ந்த மலையும் ஒரே மனநிலையைத் தாரா என்பது மெய்யே. ஆயினும் நம் பூர்வாசார்யர்கள் அவ்வளவில் நின்றாரில்லை. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், ஆசார்ய ஹ்ருதயத்தில், நம்மாழ்வார் பாடிய திவ்யதேசங்களில் ஒவ்வொரு திருக்குணம் விளங்குவதை எடுத்துக் காட்டியருளினார். திருமலையில் வாத்ஸல்யம், வானமாமலையில் ஔதார்யம், திருக்குடந்தையில் மாதுர்யம் என்று அது விரியும். எம்பெருமானிடத்தில் எல்லாக் குணங்களும் எங்கும் நிறைந்தவையே. ஆனால் ஓரூரில் ஒன்று முன்னே வந்து நின்று நம்மை எதிர்கொள்ளும்.

கோயிலைப் போக மண்டபமென்றும், திருமலையைப் புஷ்ப மண்டபமென்றும், பெருமாள் கோயிலைத் தியாக மண்டபமென்றும், திருநாராயணபுரத்தை ஞான மண்டபமென்றும் பெரியோர் வழங்குவதும் இக்கருத்துப் பற்றியே.

திருவரங்கத்தில் கோயிலுக்குள்ளே ஊர் இருக்கிறது. ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் குடியிருப்பு வீதிகள். கறிகாய் வாங்கப் போகிறவர்களும் கோபுர வாசலைக் கடந்தே போகிறார்கள். பெருமாள் உலாப் புறப்படுவதும் அவ்வீதிகளில்தான். அரசனுக்குரிய போகமும், அடுத்த வீட்டாரைப் போன்ற நெருக்கமும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதை வேறெங்கும் காண்பது அரிது. அவனுக்கு வாய்த்த பெயரும் 'நம்பெருமாள்' அன்றோ!

திருமலை அப்படியன்று. அங்கே பூவெல்லாம் அவனுக்கே. ஸேவிக்கச் செல்வோர் சூடிக்கொள்ளாமை அம்மலையின் மரபு. எம்பெருமானார் திருவாய்மொழிக் காலக்ஷேபத்தின் நடுவே, அக்குளிர் மலையில் இருந்து புஷ்ப கைங்கர்யம் செய்வார் உண்டோ என்று கேட்டருள, ஆசார்யனைப் பிரிய மனமின்றி மற்றையோர் வாளாவிருந்தனர். அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். ஏரி வெட்டி நந்தவனம் வைத்து அங்கேயே வாழ்ந்தார். குளிர் தாங்கிப் பூத்தொடுத்த அவர் கைங்கர்யத்தை நினைத்து ஏறுவார்க்கு அம்மலைக் காற்றே வேறாகத் தோன்றும்.

காஞ்சிக்குத் தியாக மண்டபம் என்னும் பெயர் பொருந்தியதைச் சற்று நின்று அநுபவிக்க வேண்டும். வரதன் வரம் தருபவன். தருவது அவனுக்குப் புதிதன்று. சாலைக் கிணற்றிலிருந்து தீர்த்தம் சுமந்து தனக்குத் தொண்டு செய்த இளையாழ்வாரையே அவன் தந்துவிட்டான் என்பதே இங்குச் சிறப்பு. திருவரங்கப்பெருமாள் அரையர் திருமுன்பே பாடி, உகந்த பெருமாள் வேண்டியதைக் கேள் என்றருள, இராமாநுசனைத் தரவேண்டும் என்றார். அதைத் தவிர வேறு கேள் என்று தயங்கிய பின்னரே அவன் தந்தான். அத்தயக்கமே கொடையின் விலையைக் காட்டுகிறது. நாம் அரங்கத்தில் அநுபவிக்கும் எம்பெருமானார் காஞ்சி இழந்த செல்வம். வைகாசிக் கருடஸேவையன்று நெடுவீதிகளில் வரதன் எழுந்தருளும் அழகை, இவ்விழப்பை நினைந்து ஸேவிப்பார் கண்கள் உலர்ந்திரா.

திருநாராயணபுரத்தை ஒரு சொல்லால் கடக்கிறேன்: அவ்வாசார்யர் பல்லாண்டு வாழ்ந்து, பிரியும்போது அடியார்களுக்காகத் தமருகந்த திருமேனியை விட்டுச்சென்ற ஊர் அது.

இக்காலத்தில் நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாளில் வேனில் ஸேவித்து மீள்கின்றனர். முதுமையும் விடுமுறையின் குறைவும் அறிந்தவர் அதைக் குறை கூறார். ஆனால் "நூற்றெட்டில் எத்தனை முடிந்தது?" என்னும் கேள்வி வேறு வகை. வங்கிப் பேரேடுகளில் ஆயுளைக் கழித்த அடியேனுக்கு எண்ணிக்கையின் மேல் பகையில்லை. பேரேட்டில் எல்லா வரிகளும் ரூபாயே, ஆதலால் கூட்டலாம். தியாகத்தையும் வாத்ஸல்யத்தையும் எந்தப் பத்தியில் கூட்டுவது?

கடல் கடந்து வாழும் அடியார்கள், "எங்களுக்கு இவ்வூர்களை எண்ணவும் வாய்ப்பில்லையே" என்று வருந்துவதுண்டு. அவர்கள் ஆழ்வார்களை நினைக்க வேண்டும். திருமங்கையாழ்வார் ஆடல்மா ஏறி எண்பதுக்கும் மேற்பட்ட திருப்பதிகளைப் பாடினார். தொண்டரடிப்பொடியாழ்வாரின் இரு ப்ரபந்தங்களும் அரங்கனுக்கே. நம்மாழ்வாரோ திருப்புளியடியை விட்டு அகன்றதில்லை. ஆயினும் குடந்தையின் இனிமையையும் விண்ணகரின் விந்தையையும் வேங்கடத்தின் அணுக்கத்தையும் ஒன்றோடொன்று கலவாமல் அவர் அறிந்தார். ஒவ்வொரு ஊர்ப் பெருமாளும் அவரிருந்த இடத்துக்கு வந்து தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்பர் பெரியோர். பாசுரமும் வ்யாக்யானமும் கையில் உள்ளவர்க்கு அவ்வழி இன்றும் திறந்தே இருக்கிறது. இன்று ஒரு பதிகம், அதன் ஊர், அவ்வூரின் குணம் என்று அமைந்து ஓதினால், டொராண்டோவின் பனியிலும் குடந்தை குடந்தையாகவே தோன்றும்.

ஆழ்வார் திருநகரியில் வைகாசி உத்ஸவத்தில் ஒன்பது எம்பெருமான்களும் கருடன் மேல் அவரைத் தேடி எழுந்தருளுகின்றனர். ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்கிறார். ஒரே வீதி, ஒரே இரவு, ஒன்பது கருடன். ஆனாலும் மங்களாசாசனம் ஒன்பது முறை தனித்தனியே நடக்கும். அவ்வவ்வூர்ப் பாசுரம் அவ்வவ்வூர்ப் பெருமாளுக்கே.

அடியேன் ராமாநுஜ தாஸன்