சாண் துணியும் பிறர்சிநேகமும்



போன ஞாயிறு திவ்விய பூசைக்குப் பின் ஞானோபதேச வகுப்பில் நடந்த ஒரு சிறு காரியத்தைச் சொல்லித்தான் இன்று தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு பெண்பிள்ளை மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். "கொரோனா வந்திருக்குடா, தள்ளி உக்காரு" என்று பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கூப்பிட்டு விசாரித்தேன். "எங்க அப்பத்தாவுக்கு நெஞ்சுச்சளி நோய், சாமி. இங்கேருந்து எதையும் ஒட்டிக்கிட்டுப் போயிரக்கூடாதுல்ல" என்றாள். சிரித்த பிள்ளைகளை அதிகம் குறைசொல்லமாட்டேன். பிள்ளைகள் வீட்டில் கேட்டதைத்தானே வெளியில் பேசும்!

நாம் எவ்வளவு சீக்கிரம் மறந்துபோனோம்! 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நம் மல்லாங்கிணற்றிலும் மாகாணம் முழுவதிலும் பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்தவர்களுக்கு 2021 ஜனவரி 19-ந் தேதி கதவு திறந்தது. இரண்டாம் அலை வந்து மறுபடி அடைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பெரிய பிள்ளைகள் செப்டம்பர் 1-ந் தேதி திரும்பினார்கள். ஒன்று முதல் எட்டு வரை படித்த சிறுவர்களோ நவம்பர் 1-ந் தேதிதான் வகுப்பில் கால் வைத்தார்கள். அதாவது ஏறக்குறைய 19 மாதம் கழித்து. அந்த 19 மாதத்தில் நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமோ? படிப்பு கைப்பேசிக்குள் போயிற்று. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை குழாய் உருட்டவும் தீப்பெட்டி ஒட்டவும் உட்கார்ந்தது. பயர் ஆபீஸ் வேனில் ஏறிய சில பையன்கள் பிறகு பள்ளிக்கூட மணியைக் கேட்கவேயில்லை. ஆகையால் முகக்கவசம் கட்டி, இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்ற கட்டளை வந்தபோது, அது பிள்ளைகள் மேல் சுமத்திய தண்டனையல்ல; கதவு திறந்ததே அந்த நிபந்தனையின்பேரில்தான்.

முகத்தில் துணி கட்டுவது நமக்குப் புதிதன்று. மருந்து கலக்கிறவரும் அலுமினியப் பொடியில் வேலை செய்கிறவரும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அந்தத் துண்டு தன் நெஞ்சைக் காக்க. பள்ளிக்கூடத்துத் துணியோ, தன்னைக் காப்பதோடு, முக்கியமாய் அடுத்தவனைக் காக்க. இந்த வியாதி தன்னிடம் இருக்கிறதென்று அறியாத பிள்ளையும், பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் துளிகளால் அதை மற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வராமல் போகலாம். அதன் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் கிழவிக்கு வரும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த புத்தியுமல்ல. 1910-ம் வருஷக் கடைசியில் மஞ்சூரியாவில் மூச்சு வழியே பரவும் பிளேக் நோய் வந்தது. பினாங்கில் பிறந்த ஊ லியென் தே என்னும் வைத்தியர், பஞ்சு வைத்த சல்லாத் துணியை எல்லோரும் முகத்தில் கட்ட வேண்டும் என்றார். அவரிலும் மூத்தவரான மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர் இந்த இளைஞனின் பேச்சை மதியாமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்தார்; 1911 ஜனவரியில் அதே நோயால் மரித்தார். படிப்பு குறைந்ததாலா? இல்லை, அகங்காரத்தால்.

வேறு சில தேசங்களில், என் பிள்ளையின் முகம் என் இஷ்டம் என்று பெற்றோர் நியாயஸ்தலம் வரை போனார்கள். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைத் தின்பதில் அவருக்குத் தடையில்லை. ஆனாலும் பலவீனமான சகோதரனுக்கு அதனால் கேடு வருமானால் அதைத் தொடவேமாட்டேன் என்கிறார். உரிமை உண்டா என்பதோடு அவர் நிற்கவில்லை. யாருக்கு அதனால் சேதம் என்றும் பார்த்தார்.

அதற்காக, துணியே வேதம் என்று சொல்ல வரவில்லை. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளைக் கட்டச் சொல்ல வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லின. நம் மத்திய அரசாங்கமும் 2022 ஜனவரியில் அப்படியே சொல்லிற்று. அது சரியே. ல, ள, ழ மூன்றையும் குழந்தை டீச்சருடைய வாயைப் பார்த்துத்தான் பழகுகிறது. காது கேளாத பிள்ளைக்கோ உதட்டசைவே பாடம். சட்டத்தைக் காட்டி இப்படிப்பட்டவர்களை வாட்டுவதும் பிறர்சிநேகம் ஆகாது. ஆனால் ஒன்று சொல்லுவேன்: அந்நாட்களில் பிள்ளைகள் கீழ்ப்படிந்தார்கள், கலியாண வீட்டிலும் டீக்கடையிலும் துணியைத் தாடையில் தொங்கவிட்டு, 200 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து போலீசைக் கண்டபோது மட்டும் மேலே இழுத்தவர்கள் நாம்தான்.

2023 மே 5-ந் தேதி அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இன்று பள்ளிக்கூடத்தில் கட்டாயமில்லை. இனி நாம் செய்வது அபராதத்துக்குப் பயந்தல்ல, மனமாரச் செய்வது. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுத்து, இருமலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத தாயை நான் எந்த வாயால் கண்டிப்பேன்? அவளுடைய அண்டை வீட்டாரைக் கேட்கிறேன்: அன்று ஒரு நாள் அந்தப் பிள்ளையை உங்கள் திண்ணையில் படுக்கவைத்துக் கஞ்சி கொடுக்கலாகாதா? மரியாயின் சேனைப் பெண்கள் தெருவாரியாக இதைப் பேசி முடிவுசெய்யட்டும்.

வருகிற முதல் வெள்ளிக்கிழமை அந்த அப்பத்தாவுக்குத் திவ்விய நற்கருணை கொண்டுபோகிறேன். சிரித்த பிள்ளைகளில் இரண்டு பேர், மெழுகுதிரி பிடிக்க வருகிறோம் என்று நேற்று வந்து கேட்டார்கள். வாயில் துணி கட்டி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நானும் கட்டிக்கொள்ளுவேன்.