பயண நேரமும் நூற்பயிற்சியும்

நாள்தோறும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் ஒருவர், தமக்கென்று ஒரு நாழிகையை ஒதுக்கி நூல் படிப்பது தன்னலமாகுமா? இவ்வினா ஆண்களைக் காட்டிலும் பெண்களையே மிகுதியும் வருத்துகிறது. வீட்டில் பெண்ணொருத்தி புத்தகத்தோடு அமர்ந்தால், ‘வேலை ஒன்றும் இல்லையோ?’ என்ற குரல் எங்கிருந்தாவது எழும். பிறர் கேட்காவிடினும் அவள் மனமே அவளைக் கேட்டுவிடும்.

இதற்கு விடை காண இரயில் பயணத்தைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். வடசென்னைக்கும் இரயிலுக்கும் உள்ள உறவு பழமையானது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இன்று கும்மிடிப்பூண்டித் தடத்தில் ஆலைத் தொழிலாளரும், மாணவரும், மீனும் பூவும் விற்கும் பெண்டிரும் நாள்தோறும் செல்கின்றனர். எங்கள் மாதவரத்தில் புறநகர் இரயில் நிலையம் இல்லை. பேருந்தில் கொருக்குப்பேட்டை சென்று இரயிலேற வேண்டும். 1990களில் பொன்னேரியில் பணியாற்றியபோது நான் அவ்வாறே சென்று வந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தபின் என் கைக்கு வந்தவை பாடநூல்களும் மாணவர் ஏடுகளுமே. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் எனக் கடந்து செல்லும் அந்த முக்கால் மணி நேரந்தான் பிற நூல்களை மீண்டும் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த நேரம் வீட்டுக்கும் உரியதன்று, பள்ளிக்கும் உரியதன்று. அங்கே அடுப்பு அழைக்காது. பாடவேளை மணியும் ஒலிக்காது. பிறர் பொருளைக் கவராமை என்னும் விரதத்தை நேரத்திற்கும் பொருத்திப் பார்த்தால், பயணத்தில் படிப்பவர் எவருடைய நேரத்தையும் கவரவில்லை என்பது விளங்கும்.

ஆயினும் வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை. நெரிசல் மிக்க பெட்டியில் புத்தகத்துள் மூழ்கியிருப்பவர், எதிரே கைக்குழந்தையோடு நிற்கும் தாயைக் காணாதிருந்தால் என் செய்வது? பிறரிடமிருந்து கவராதிருத்தல் ஓர் அறம்; பிறரைப் புறக்கணியாதிருத்தல் மற்றோர் அறம்.

தவத்தைப் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு என வகுத்த நம் ஆசாரியர்கள், நூற்பயிற்சியாகிய சுவாத்தியாயத்தை அகத்தவத்துள் வைத்தனர். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அதனை ஐந்தாகப் பகுக்கிறார். படித்தல், ஐயம் வினவுதல், ஆழ்ந்து சிந்தித்தல், பிழையற ஓதுதல், அறத்தைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் என்பன அவை. அறநூற் கல்விக்கு வகுத்த நெறியாயினும், எந்த நல்ல நூலைக் கற்பவருக்கும் அது வழிகாட்டும். கண்ணால் எழுத்தைத் தொடர்வது ஐந்தில் ஒரு பகுதியே. வினவவும் எடுத்துரைக்கவும் மற்றொருவர் வேண்டும்.

இரயிலில் இவை இயல்பாகவே நிகழ்ந்தன. தண்டையார்பேட்டையில் கூட்டம் ஏறியதும், கையை மடக்கவும் இடமின்றி நூலை மூடிவிட நேரும். அதுவரை படித்ததை எண்ணிப் பார்க்க அதுவே நல்ல வேளையாகும். எதிரே பூத்தொடுத்துக்கொண்டு வரும் அம்மையார் ஒருவர், “இன்னா பொஸ்தகம் டீச்சரம்மா அது?” என்று கேட்பார். அவர் எழுத்தறியாதவர். கதையை என் சொற்களில் கூறுவேன். ஒருநாள் கேட்டவர் மறுநாள் வந்து, “அந்தப் பொம்பள ஏன் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல?” என்று வினவினார். என் மனத்தில் எழாத வினா அது. அதன் பொருட்டு அவ்வத்தியாயத்தை மறுபடியும் படித்தேன். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது ஒன்று. எழுத்தறியாத அந்த அம்மையாரும் அந்நூலுக்குரிய வாசகரே என்பது என் துணிபு.

இன்று அதே தடத்தில் பலர் கையிலும் கைப்பேசியைக் காண்கிறோம். அதிலும் நல்ல நூல்களைப் படிக்கலாம். கருவியைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் ஒன்றைக் கண்டு முடிக்குமுன் மற்றொன்று வந்து நிற்குமாயின் சிந்திக்க இடைவெளி ஏது? இரு செவிகளையும் அடைத்துக்கொண்டிருப்பவரிடம் பக்கத்திலிருப்பவர் எதனைத்தான் வினவ இயலும்?

ஆகவே, தமக்கென எடுத்துக்கொள்ளும் நேரம் தன்னலமா என்பதை அதன் பயனால்தான் அறிய வேண்டும். பிறர் தேவை கண்டவுடன் நூலை மூடவும், கற்றதைப் பிறர்க்குக் கூறவும் ஒருவர் ஆயத்தமாக இருப்பாராயின், அவர் படிப்பு தவமேயன்றித் தன்னலமன்று.

பணிக்குச் செல்லும் சகோதரியர் உணவுப் பாத்திரத்தோடு சிறு நூலொன்றையும் பையில் வைத்துக்கொள்ளலாம். இரயிலேறாது வீட்டிலேயே உழைக்கும் பெண்டிருக்கோ அந்த நேரத்தைத் தருபவர் எவருமில்லை. அவர்கள் கேட்குமுன்னரே, நாளுக்கு ஒரு நாழிகையேனும் இடையூறின்றிப் படிக்க அவர்களுக்கு வழிசெய்து தருவது குடும்பத்தார் அனைவரின் கடமையாகும்.