அறுக்கிற கையிடம் அன்பு

திருவித்துவக்கோட்டுப் பெருமாளைக் குலசேகராழ்வார் பாடிய பதிகத்தில் இன்று நான்காவது பாசுரத்துக்கு வந்திருக்கிறோம். பாரதப்புழைக் கரையில், பட்டாம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற திவ்யதேசம் அது. முதல் பாசுரத்தில் தாயும் குழந்தையும் வந்தார்கள், அடுத்ததில் கணவனும் மனைவியும், மூன்றாவதில் அரசனும் குடிகளும். நான்காவதில் ஆழ்வார் ஒரு வைத்தியரையும் நோயாளியையும் கொண்டுவந்து நிறுத்துகிறார். வைத்தியர் கத்தியால் அறுக்கிறார், சுடுகிறார். ஆனாலும் நோயாளிக்கு அவரிடம் உள்ள அன்பு குறையவில்லை. மயக்க மருந்தே இல்லாத காலம் அது!

வழக்கமாக இங்கே சரணாகதியைச் சொல்லிவிட்டு அடுத்த பாசுரத்துக்குப் போய்விடுவோம். இன்று அந்த நோயாளியிடமே சற்று நிற்கலாம். நம் சபைக்கு வருகிற ஓர் அம்மாவுக்கு உள்ளங்காலில் தோல் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை ஆயிற்று. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். "பரவவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நடுராத்திரி எழுந்து டார்ச் அடித்துக் காலைப் பார்க்கிறேன். பெருமாளிடம் எனக்கு நம்பிக்கை போதவில்லையோ?" என்று கேட்டார்.

போதும் அம்மா, தாராளமாகப் போதும். சூலை நோய் தாங்காமல் திருவதிகையில் துடித்துப் பாடிய அப்பர் பெருமானை யாராவது பக்தி குறைந்தவர் என்று சொன்னோமா? வலியையும் பயத்தையும் இறைவனிடமே முறையிட்டதைத்தானே பதிகமாகப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, கறுத்த தோலுக்கு வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குறைவு என்பது உண்மை. ஆனால் மெலனோமா என்கிற கடுமையான வகை நம்மைப் போன்றவர்களுக்கு வரும்போது, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று பெரும்பாலும் வருகிறது. கால் ஆணி என்றும் பழைய அடி என்றும் எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. 1977-இல் கண்டுபிடித்தார்கள். விரலை எடுத்துவிடச் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. உடம்பை வெட்டக்கூடாது என்ற அவருடைய சமய நம்பிக்கை அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். சிறிய அறுவையோடு நிறுத்திக்கொண்டார். 1981-இல், 36 வயதில் போய்விட்டார். விரலை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அறுக்கவே விடாத பக்தி நம் ஆழ்வார் காட்டும் பக்தி இல்லை. அவருடைய நோயாளி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இனி அந்த டார்ச் விஷயத்துக்கு வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். மாதம் ஒரு முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழ் மாசப் பிறப்பு அன்று கோயிலுக்குப் போய் வந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், தலையிலிருந்து உள்ளங்கால்வரை பாருங்கள். முதுகை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். மச்சம் பெரிதாகிறதா, ஓரம் கோணலாகிறதா, ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம் தெரிகிறதா, புண் ஆறாமல் இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று பார்த்தால் போதும். மற்ற நாட்களில் மனசு அரிக்கும்போது, "மாசப் பிறப்பன்று பார்ப்போம்" என்று அதற்குச் சொல்லிவிட்டு நாமத்தைச் சொல்லுங்கள். நடுவில் தற்செயலாக ஏதாவது மாற்றம் கண்ணில் பட்டால் மட்டும் காத்திராமல் டாக்டரிடம் போங்கள்.

டாக்டரிடம் போனால் பேச வரவில்லை என்பதுதான் பலருடைய கஷ்டம். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ, அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைப்பாரோ என்று தயக்கம். கீதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிஷ்யனாகச் சரணடைந்த பிறகுதான் அர்ஜுனன் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். நீ சொல்வது குழப்புகிறதே என்றுகூடச் சொல்கிறான். பகவான் ஒரு தடவையாவது முகம் சுளித்தானா? கடைசியில், இதை முழுக்க யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று விட்டுவிடுகிறான். அதற்கும் பிறகு, கவனமாகக் கேட்டாயா, மயக்கம் தீர்ந்ததா என்று அவனே விசாரிக்கிறான். சரணாகதி செய்தவனுக்கே கேட்க உரிமை உண்டு. அப்படியிருக்க ஃபீஸ் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இல்லையா?

இன்னொரு டாக்டரிடம் ஒரு முறை கருத்துக் கேட்பது துரோகம் இல்லை. முதல் டாக்டரிடமே அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பயத்தில் பத்துப் பேரிடம் ஓடி, யார் சொன்னதையும் முழுதாகச் செய்யாமல் இருப்பது, ஊரில் யாரோ தந்த களிம்பைத் தடவிக்கொண்டு பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது, இரண்டும் ஆபத்து. ஆழ்வார் பாடிய நோயாளியிடம் எனக்கு மிகவும் பிடித்தது, வலித்தாலும் அவன் அந்த இடத்தை விட்டுப் போகாததுதான்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து நாலாகக் கணக்கிடுகிறார். அந்த நாலாவது ஆளை அழைத்துக்கொண்டு போங்கள். பயத்தில் நம் காதில் விழாதது அவர் காதில் விழும். கேட்க வேண்டியதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எவ்வளவு ஆழம் இருந்தது, மறுபடி எப்போது வர வேண்டும், எதைக் கண்டால் உடனே வர வேண்டும். தூக்கம் வராததையும் அதில் எழுதுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் அதற்கென்றே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னாலும் அவசரமாக எழுந்துவிடாதீர்கள். "டாக்டர், இன்னும் ஒன்று கேட்க வேண்டும்" என்று தாளைப் பிரியுங்கள்.