பேச்சில் வென்றவரா, பொறுப்புக்கு உரியவரா?



தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் கடைத்தெருவில் ஒரு கேள்வி மற்றெல்லாக் கேள்விகளையும் தள்ளிவிட்டு முன்னே வந்து நின்றுகொள்ளும். "நேற்று ராத்திரி மேடையில் ஜெயித்தது யார்?" என்பதே அது. தேநீர்க் கடையில் கேட்கிறார்கள். ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்கிறார்கள். கல்லாவில் சில்லறை வாங்கும்போதும் கேட்கிறார்கள். நம் நாட்டுத் தேர்தலானாலும், இலங்கையிலோ அமெரிக்காவிலோ நடக்கும் ஜனாதிபதித் தேர்தலானாலும், கேள்வி இதுதான்.

இது சரியான கேள்விதானா? விவாதத்தில் வென்றவர் என்பதற்காக ஒருவருக்கு வோட்டுப் போடுவது நியாயமாகுமா? பேசத் தெரியாதவர் என்பதற்காக இன்னொருவரைத் தள்ளுவது நியாயமாகுமா? நான் ஆலிமும் அல்ல, அரசியல்வாதியும் அல்ல. மேருவில் கடை வைத்திருப்பவன். எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்க இதை எழுதவில்லை. வோட்டு என்பது ஒரு சாட்சியம், ஓர் அமானத்து என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாட்சி சொல்லப் போகிறவன் எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

இந்த மேடை விவாதம் உலகப் பிரசித்தமானது அமெரிக்காவிலே. 1960 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் தேதி சிக்காகோவில் கென்னடியும் நிக்ஸனும் டெலிவிஷன் முன் நின்று வாதாடினார்கள். ஏறத்தாழ ஏழு கோடி ஜனங்கள் பார்த்தார்கள். நிக்ஸன் முழங்கால் நோவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர். முகம் வெளிறிப் போயிருந்தது. கென்னடியோ வெயிலில் உலவி வந்த வாலிபனைப் போல நின்றார். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்ஸன் வென்றார் என்றும், டெலிவிஷனில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றும் சொன்னதாக ஒரு பேச்சு நெடுங்காலம் வழங்கி வந்தது. அதற்குரிய ஆதாரம் பலமானதல்ல என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. அந்தத் தேர்தலில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஆறு கோடிக்கு மேற்பட்ட வோட்டுக்களில் ஒரு லட்சத்துச் சொச்சமே.

2024 ஆம் ஆண்டில் நடந்ததையும் பாருங்கள். ஜூன் 27 ஆம் தேதி விவாதத்தில் பைடன் தடுமாறினார்; ஜூலை 21 ஆம் தேதி போட்டியிலிருந்தே விலகினார். அவருக்குப் பதிலாக நின்ற கமலா ஹாரிஸ் செப்டம்பர் 10 ஆம் தேதி டிரம்புடன் வாதாடினார். பார்த்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டபோது, பெரும்பாலான கணிப்புகள் ஹாரிஸே நன்றாகப் பேசினார் என்றன. நவம்பர் 5 ஆம் தேதித் தேர்தலில் ஜெயித்தவரோ டிரம்ப். அதாவது, "இவர் நன்றாகப் பேசினார்" என்று சொன்ன அதே தேசம், வோட்டை வேறிடத்தில் போட்டது. ஜனங்களின் அபிப்பிராயம் மேடையில் மட்டும் உண்டாவதில்லை. வீட்டு வாடகையிலும், முட்டை விலையிலும், மனத்திற்குள் இருக்கும் பயத்திலும், பிறந்த இனத்தின் பாசத்திலும் அது முன்கூட்டியே உருவாகிவிடுகிறது. பிறகு விவாதத்தைப் பார்க்க உட்காருகிறவன் நீதிபதியாக உட்காருவதில்லை. தன் ஆளுக்குக் கைதட்டவே உட்காருகிறான்.

வியாபாரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குச் சரக்குப் போட வருகிறவர்களில் இரண்டு தினுசு உண்டு. ஒருவர் வாய் திறந்தால் தேன். அவர் பருப்பைப் போல உலகத்தில் பருப்பே இல்லை என்பார். மற்றவர் நாலு வார்த்தை கோவையாகப் பேச அறியாதவர், ஆனால், "பாய், இந்தத் தடவை மூட்டை கொஞ்சம் பழசு. பார்த்து எடுத்துக்குங்க" என்று தாமே சொல்லிவிடுவார். முதல் நாள் நாம் யாரைக் கேட்டு மயங்குவோம் என்பது வேறு. பத்து வருஷம் கழித்து யாரிடம் வாங்கிக்கொண்டிருப்போம் என்பது வேறு.

இன்று இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. இரண்டு மணி நேர விவாதத்தை முழுதும் கேட்பவர் சிலரே. மற்றவர்களுக்கு அரை நிமிடத் துண்டுகள் கைப்பேசியில் வருகின்றன. எதிராளி திக்கிய இடம் ஒன்று, நம்மவர் குத்திப் பேசிய இடம் ஒன்று. மூட்டையின் வாயில் வைத்த ஒரு பிடியைப் பார்த்து மூட்டையை வாங்குகிற வியாபாரி நம்மில் யாராவது உண்டா? அடியில் கை விட்டுப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்போமா?

பேச்சுக்கு மயங்குவது புதிய பலவீனமல்ல. தம்மிடம் வழக்குக் கொண்டுவரும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உள்ளவராக இருக்கலாம் என்றும், கேட்டதை வைத்துத் தாம் தீர்ப்புச் சொன்னாலும், தன் சகோதரனுக்குரிய பாத்தியதையைப் பேச்சால் பெற்றுக்கொண்டவன் நெருப்புத் துண்டையே எடுத்துச் செல்கிறான் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். இந்தக் கருத்துள்ள ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. தீர்ப்பு வாங்கிவிட்டால் மட்டும் பொய் உண்மையாகிவிடாது என்பதே இதன் பாடம்.

அப்படியானால் விவாதமே வேண்டாம், பேசாதவரே உத்தமர் என்று சிலர் முடிவுகட்டக் கூடும். அது அவசர முடிவு. இதற்கு இலங்கையில் நடந்ததை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். கொழும்பு நமக்கு அந்நிய ஊரல்ல. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வாழ்ந்த ஊர் அது.

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்ட அப்பாவிகள் மாண்டார்கள். செய்தவர்கள் ஒரு சிறு கும்பல். சந்தேகமோ ஒரு சமூகத்தின் மேலேயே விழுந்தது. மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரசாரமும் நடந்தது. ஜனாதிபதித் தேர்தல் வந்தது இந்தப் பயத்தின் நடுவேதான். 35 அபேட்சகர்கள் நின்றார்கள். அக்டோபர் 5 ஆம் தேதி, மார்ச் 12 இயக்கம் என்ற அமைப்பின் ஏற்பாட்டில், அபேட்சகர்களை ஒரே மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் விவாதம் கொழும்பில் நடந்தது. அந்நாட்டில் அது முதல் முறை. முன்னணியில் நின்ற கோத்தாபய ராஜபக்ஷ அதற்கு வரவில்லை. நவம்பர் 16 ஆம் தேதித் தேர்தலில் 52.25 சதவீதம் பெற்று ஜெயித்தவரும் அவரே. விவாத மேடைக்கு வந்த அனுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3.16 சதவீதம்.

வராதவர் ஜெயித்தார் என்றால் விவாதத்தினால் பயன் என்ன என்று கேட்கலாம். பின்னால் நடந்ததைப் பாருங்கள். பதவியேற்ற உடனே, 2019 டிசம்பர் முதல், மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வியாபாரிகள் முதலில் மகிழ்ந்தார்கள். சர்க்காரின் வருமானமோ விழுந்தது. கொள்ளைநோய்க் காலத்து நஷ்டமும் சேர்ந்து, 2022 ஏப்ரல் 12 ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அந்நாடு அறிவித்தது. இதற்கிடையில் 2020 ஆம் ஆண்டில் கொரோனாவில் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான பச்சைக் குழந்தையும் அதில் தப்பவில்லை. 2021 பிப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்தவை எரிந்தவையே.

"வரியைக் குறைத்தால் பற்றாக்குறையை எதைக்கொண்டு நிரப்புவீர்கள்?" என்றும், "உங்களுக்கு வோட்டுப் போடாதவர்களின் உரிமையை எப்படிக் காப்பீர்கள்?" என்றும் அன்று அந்த மேடையில் அவரைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவரே ஜெயித்திருக்கக் கூடும். ஆனால் அவர் சொன்ன பதில் சாட்சியாக நின்றிருக்கும். பிற்பாடு அதைக் காட்டி நியாயம் கேட்கலாம். கூட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி, கணக்குப் புஸ்தகத்தைத் திறக்க மாட்டேன் என்பவரோடு நாம் கூட்டு வைப்போமா? விவாதம் என்பது மல்யுத்தக் கோதா அல்ல. கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து வைக்கும் இடம். அதிலே வீரம் பார்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. கோத்தாபய 2022 ஜூலை 13 ஆம் தேதி நாட்டைவிட்டு ஓடி, மறுநாள் ராஜினாமாச் செய்தார். 2024 செப்டம்பர் 21 ஆம் தேதித் தேர்தலில், முன்பு 3 சதவீதம் பெற்ற அனுர குமார முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்று, இரண்டாம் விருப்ப வோட்டுக்களையும் எண்ணிய பின் ஜனாதிபதியானார். மேடையில் கேட்டுப் படித்திருக்க வேண்டிய பாடத்தை அந்த ஜனங்கள் எண்ணெய்க்கும் அரிசிக்கும் வரிசையில் நின்று படித்தார்கள். படிப்புக்குக் கொடுத்த கட்டணம் மிகப் பெரிது.

இந்த இடத்தில் ஹலரத் மூஸா (அலை) அவர்களின் சரித்திரத்தை நினைக்க வேண்டும். தம் நாவில் தடை உண்டு என்றும், சகோதரர் ஹாரூன் (அலை) தம்மைவிடத் தெளிவாகப் பேசுவார், அவரைத் துணைக்கு அனுப்பு என்றும் அவர்கள் இறைவனிடம் வேண்டியதைக் குர்ஆன் கூறுகிறது. பிர்அவ்ன் அதையே பிடித்துக்கொண்டு, தெளிவாகப் பேசக்கூடத் தெரியாத இவரா என்று தன் ஜனங்களிடம் ஏளனம் செய்தான். அன்றைய சபையில் பேச்சுக்கு மார்க் போட்டிருந்தால் பிர்அவ்னுக்கே வெற்றி. ஆனால் மூஸா நபி, பேச வராது என்று சபைக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. போனார்கள், நின்றார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். நாவன்மை இல்லாதது குற்றமல்ல. கேள்விக்கு முன் நிற்க மறுப்பதுதான் குற்றம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வாக்காளனுடைய வேலை பாதி முடிந்தது.

நிற்க. நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். நமக்கு ஜனாதிபதித் தேர்தல் இல்லை. மாமன்னரின் நாடு இது. பிரதமரையும் நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும் 2022 மே 12 ஆம் தேதி கோலாலம்பூரில் அன்வார் இப்ராஹிமும் நஜிப் ரசாக்கும் சபுரா எனர்ஜி கம்பெனி பற்றியும் நாட்டின் எதிர்காலம் பற்றியும் வாதாடியபோது நாடே பார்த்தது. இருவரும் பேச்சில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இரு பக்கத்து ஆதரவாளரும் தங்கள் தலைவரே வென்றார் என்றார்கள். ஆகஸ்டு 23 ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் எஸ்.ஆர்.சி. வழக்கில் நஜிப்பின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அவர் சிறை சென்றார். நீதிமன்றம் மேடைப் பேச்சை நிறுக்கவில்லை, பத்திரங்களை நிறுத்தது. நவம்பர் 19 ஆம் தேதிப் பொதுத் தேர்தலிலோ எந்தக் கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நவம்பர் 24 ஆம் தேதி அன்வார் பிரதமரானார். இரண்டு தலைவர்களைப் பற்றி இரவு பகலாக வாதாடிய நம்மில் எத்தனை பேர், நம் தொகுதியில் நின்ற அபேட்சகரிடம் ஒரு கேள்வியாவது கேட்டோம்? நம் வோட்டு விழுவது அவருக்கல்லவா?

ஆகையால் சகோதரர்களே, அடுத்த முறை விவாதம் பார்க்கும்போது மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, வென்றவர் யார் என்று எண்ணாமல், கேட்ட கேள்விகளைக் கணக்குச் சீட்டில் குறித்து, எதற்குப் பதில் வந்தது, எது கேலியால் மறைக்கப்பட்டது என்று பற்று வரவு எழுதுவோம். இரண்டாவது, நமக்குப் பிடிக்காதவர் சொன்னவற்றில் நியாயமான ஒன்றையாவது கண்டு, அதைக் கடையில் நாலு பேர் முன் ஒப்புக்கொள்வோம். இது கசப்பான மருந்து; ஆனால் தராசின் முள் நடுவில் நிற்க இதைவிட நல்ல வழி இல்லை. மூன்றாவது, தமக்கு வோட்டுப் போடாதவரைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்போம். எண்ணிக்கையில் சிறிய சமூகமாகிய நமக்கு அந்த ஒரு பதில், மற்ற நூறு பதில்களைவிட முக்கியமானது.

தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும். பக்கத்துக் கடைக்காரரின் முகத்தில் நாம் தினமும் விழிக்க வேண்டும். கட்சி வேறாயிருக்கலாம், தொழுகையின் வரிசையில் தோளோடு தோள் சேர்ந்துதான் நிற்கிறோம். ஒரு தலைவரின் பேச்சுத் திறமைக்காக ஒரு சகோதரனின் ஸலாமை இழப்பது நஷ்ட வியாபாரம்.

நிறுவையில் குறைக்காத கையை நமக்குக் கொடுத்த இறைவன், சாட்சியத்திலும் குறைக்காத உள்ளத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.