கவனக்குறைவு

என் பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கைகளை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆசிரியைகள் மாறியிருக்கிறார்கள். மையின் நிறம் மாறியிருக்கிறது. எழுதிய சொல் மட்டும் மாறவில்லை. ‘கெட்டிக்காரி. கவனக்குறைவு.’

நாற்பத்து நாலாவது வயதில் மனநல மருத்துவர் ஒருவர் நிதானமாக ஆராய்ந்து எனக்குச் சூட்டியிருக்கும் பெயரும், தமிழில் சொன்னால், ஏறக்குறைய அதுவேதான். ஏ.டி.எச்.டி. - கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. அன்று வசவு, இன்று நோயின் பெயர். நடுவே பாதி ஆயுள் போய்விட்டது.

பெண்களுக்கு இது பல நேரங்களில் காலம் கடந்தே தெரியவருகிறதாம். பையன் என்றால் பெஞ்சு மேல் ஏறிக் குதிப்பான். ஊரே திரும்பிப் பார்க்கும். நான் பின்வரிசையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஓடியதெல்லாம் மனசு. 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயங்களில் மனத்தைச் செலுத்தி சதாவதானம் செய்து காட்டினார் செய்குத்தம்பிப் பாவலர். என் மனமும் நூறு இடத்துக்குப் போகும். அவர் மனம் திரும்பி வந்தது என்பதுதான் வித்தியாசம்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நான் நின்றுபோன கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை. பரீட்சைக் கட்டணத்துக்காக அப்பா அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் தந்தார். ஒன்பது நாள் அந்தப் பணம் ஒரு நாவலின் பக்கங்களுக்கிடையே கிடந்தது. கெடு முடிந்த மறுநாள், புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கப் போனபோது கண்டேன். அப்பா கை ஓங்கவில்லை. ‘பொறுப்பில்லாதவள்’ என்றார். படிப்பு அத்தோடு முடிந்தது. அவர் காலமாகி ஆறு வருஷமாகிறது. அந்தச் சொல்லுக்கு இன்னும் வயதாகவில்லை.

இப்போது கேள்வி இதுதான்: அன்று நான் குற்றவாளியா, நோயாளியா?

இந்தக் கோளாற்றின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவுகளை மறக்காமல் சொல்கிறார்கள். புத்தியில் குறையில்லாத சில குழந்தைகளிடம் அவர் கண்ட குறைக்கு இட்ட பெயரே ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பதுதான். பெயரில் ‘கவனம்’ என்ற சொல் வந்தது 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில். ஒழுக்கம் என்ற பெட்டியிலிருந்து கவனம் என்ற பெட்டிக்கு மாற எழுபத்தெட்டு வருஷம்! வீடுகளில் இன்னும் மாறவில்லை.

சரி, எல்லாம் மூளையின் வேலை என்று கைகழுவிவிடலாமா? என்னால் முடியவில்லை. இதே மூளைதான் என் நாவல்களையும் எழுதியது. இழப்பையெல்லாம் நோயின் பெயரில் பற்று எழுதிவிட்டு, நாவல்களை மட்டும் என் பெயரில் வரவு வைப்பது கள்ளக் கணக்கு அல்லவா? (இதை வரப்பிரசாதம் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நான் எழுதி முடித்த நாவல்கள் ஏழு; பாதியில் விட்டவை பத்தொன்பது.) என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களின் கால்வலி, எனக்கு நோய் என்று தெரிந்ததும் குறைந்துவிடுமா? வேண்டுமென்று செய்யாதது குற்றமல்ல. ஆனால் பட்ட கடன் கடன்தான் என்றே இப்போதைக்கு நினைக்கிறேன். மாத்திரை சாப்பிட்ட முதல் காலையில், எடுத்த காரியத்தில் மனசு சில மணி நேரம் தங்கியது. ‘இவ்வளவு சுலபமாகவா மற்றவர்கள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்கள்!’ என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர் அறிய வேண்டியிருந்ததால் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், “அப்ப நான் அகப்பைக் காம்பால அடிச்சதெல்லாம்?” என்றாள். “உங்களுக்குத் தெரிய வழியில்லையே அம்மா” என்றார் அவர். எனக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரம் அவளுக்குக் குற்றப் பத்திரிகையாகிவிட்டது. ஆட்டோவில் என் முழங்கையைத் தடவிக்கொண்டே வந்தாள். அங்கே தழும்பு எதுவும் இல்லை.

“இது பரம்பரையா வரும்னு சொன்னாரேட்டி?”

“ஆமாம்மா.”

“அந்த வளையல் மூழ்கிப்போச்சே, உன் பீஸாலன்னுதானே எல்லாரும் சொன்னோம். பணந்தான் அப்படியே இருந்துச்சே, திருப்பியிருக்கலாம். தவணை நாளை மறந்தது உங்க அப்பா.”

பஸ்ஸில் அப்பா விட்டுவிட்டு வந்த குடைகளெல்லாம் எனக்கு நினைவு வந்தன. அவற்றைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

“ஏம்மா அப்பவே சொல்லலை?”

“அவர் ஆம்பிளை. மறந்துட்டார்னு விட்டுட்டோம். நீ பொம்பளைப் பிள்ளை...”

அம்மா முடிக்கவில்லை. ஆட்டோ எங்கள் தெருவைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போன பிறகுதான் இருவரும் கவனித்தோம்.